கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் மிதவையால் அலையின் திசையை எப்படி அறிய முடிகிறது? அலை உயரம் மட்டும் தெரிந்தால் போதாதா?

போதாது. நீங்கள் ஏதோ ஓர் அளவீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 'சராசரித் திசை' என்று ஒரே ஓர் எண் இருந்தால் அதை நம்பிவிடாதீர்கள்.

முதலில் செயல்முறை. மிதவை ஏறி இறங்குவதோடு சாயவும் செய்கிறது. மேலெழும்போது அலை வரும் பக்கம் உயர்ந்திருக்கும். இறங்கும்போது அது மாறிவிடும். உள்ளே இருக்கும் முடுக்கமானியும் (அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் கருவி) திசைகாட்டியும் இதைப் பதிவு செய்ய, ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனியாகத் திசை கணக்கிடப்படுகிறது. லாங்கே-ஹிக்கின்ஸ், கார்ட்ரைட், ஸ்மித் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட முறைதான் இதற்கு அடிப்படை.

அலைத்தடுப்புச் சுவர் ஒன்றுக்கான தரவை நான் அலசினேன். உள்ளூர்க் காற்று எழுப்பிய 5 விநாடி அலைகள் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 5 விநாடி; இதுதான் அலைநேரம்) வடகிழக்கிலிருந்து வந்தன. எங்கோ தொலைவில் அடித்த புயலின் 14 விநாடி அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்தன. இரண்டின் உயரமும் சுமார் ஒரு மீட்டர். மேலதிகாரி இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 'கிழக்கு' என்று எழுதச் சொன்னார். கிழக்கிலிருந்து ஓர் அலைகூட வரவில்லை ஐயா என்றேன். வாடிக்கையாளருக்கு ஓர் எண் போதும் என்றார்.

ஆற்றல் கணக்கிலும் இதே வம்புதான். ஆழ்கடலில் ஒரு மீட்டர் அகல அலைமுகப்பு சுமந்து வரும் திறன், மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தை விநாடியில் அலைநேரத்தால் பெருக்கி, அதில் ஏறக்குறைய பாதி, கிலோவாட்டில். ஆக அந்த 5 விநாடி அலையில் 2.5 கிலோவாட், 14 விநாடி அலையில் 7 கிலோவாட். உயரம் ஒன்றுதான், சுவரில் மோதுவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடைசியில் இரண்டு வரிசைகளாகத்தான் அட்டவணை போனது. அதற்கு நான் போட்ட சண்டை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

செயற்கைக்கோள் இருக்கும் காலத்தில் மிதவை எதற்கு என்று சிலர் கிளம்புவார்கள். நான் மிதவை விற்பவன் அல்ல. ஆனால் செயற்கைக்கோள் ரேடார் படத்தில் குறுகிய காற்றலைகள் மங்கிவிடும். ஒற்றைப் படத்தை வைத்து அலை வருகிறதா போகிறதா என்று சொல்வதும் கடினம். மிதவைக்கும் குறை உண்டு: ஒரே அதிர்வெண்ணில் இரு பக்கமிருந்து அலை வந்தால் குழம்பும்.

அறிக்கை தந்தவரிடம் அதிர்வெண் வாரியான தரவைக் கேளுங்கள். திசை என்பது அலை வரும் திசையா போகும் திசையா, மெய் வடக்கா காந்த வடக்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தரவைக் கேட்டால் அட்டவணையைப் படம் பிடித்து ஒட்டி அனுப்புவார்கள். அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்த கடுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.