காண்டாக்ட் லென்ஸ்: கேட்டவையும் பதில்களும்

லென்ஸ் பொருத்துவதும் அதை அணியக் கற்றுக்கொடுப்பதும் என் அன்றாடத் தொழில். வந்த கேள்விகளில் பாதி விலையைப் பற்றியும் அழகைப் பற்றியும் இருந்தன. தண்ணீரைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நீளமாக எழுதியிருக்கிறேன்.

என் கண்ணாடியின் பவர் மைனஸ் 6. அதே பவரில் ஆன்லைனில் லென்ஸ் வாங்கிவிடலாமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

வேண்டாம். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழியின் மேலேயே உட்காருகிறது. அந்த இடைவெளி இல்லாமல் போவதால் மைனஸ் பவர் குறையும். கண்ணாடியில் 6 என்றால் லென்ஸில் ஏறத்தாழ 5.50 போதும். பவர் 4-ஐத் தாண்டினாலே இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

லென்ஸ் பெட்டியின் மேல் 8.4, 8.6 என்று இன்னோர் எண் இருக்கும். அது லென்ஸின் வளைவு. கருவிழிக்குப் பொருந்தாமல் இறுகினால் லென்ஸ் கண்ணைக் கவ்விக்கொள்ளும். தளர்ந்தால் இமைக்கும்போதெல்லாம் நழுவும். அதனால்தான் லென்ஸை மாட்டிவிட்டு, இமைக்கச் சொல்லி, அது இம்மியளவாவது அசைகிறதா என்று ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்க்கிறோம். அந்தச் சிறு அசைவில்தான் லென்ஸுக்கு அடியில் கண்ணீர் போய்வருகிறது. இதை எந்த இணையக் கடையும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருமுறை நேரில் பொருத்திப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம்.

சாஃப்ட் லென்ஸ்களுக்குள்ளேயே விலையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? (வங்கி ஊழியர், மதுரை)

முக்கியக் காரணம் ஆக்சிஜன். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் எதை வைத்தாலும் அது மூச்சுக்குக் குறுக்கே வைத்ததுதான்.

செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் மகனின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து சாஃப்ட் லென்ஸ் வார்த்தார். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அந்த ஹைட்ரோஜெல் பிளாஸ்டிக் வகையில், லென்ஸில் ஊறியிருக்கும் நீர் வழியாகத்தான் ஆக்சிஜன் போக முடியும். 1999 வாக்கில் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் சிலிக்கோனே ஆக்சிஜனைக் கடத்துகிறது. நாள் முழுவதும் அணிபவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

லென்ஸை ஊறவைக்கும் சொல்யூஷன் தீர்ந்துபோன அன்று வாட்டர் கேன் தண்ணீரில் லென்ஸை வைத்திருந்தேன். சுத்தமான தண்ணீர்தானே? (மென்பொருள் பணியாளர், சென்னை)

குடிக்கச் சுத்தமானது, லென்ஸுக்கு இல்லை. அந்த லென்ஸை மறுபடி அணியாதீர்கள். டப்பாவையும் சேர்த்துக் குப்பையில் போடுங்கள்.

குழாய், கிணறு, தொட்டி, நீச்சல் குளம் என எந்தத் தண்ணீரிலும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் நுழைந்தால் கதை வேறு. நிலைமை மோசமானால் அது கெட்டியான கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்தக் கூட்டை மருந்து எளிதில் துளைக்காது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகும். கண்ணில் தெரிவதைவிட வலி பல மடங்கு இருப்பது இதன் அடையாளங்களில் ஒன்று. தொடக்கத்தில் ஹெர்பீஸ் வைரஸால் வரும் புண் போலத் தோன்றி மருத்துவர்களையே திசைதிருப்பும்.

ஆகவே லென்ஸோடு குளிக்காதீர்கள், முகம் கழுவாதீர்கள், நீந்தாதீர்கள். சோப்பால் கை கழுவியபின் உலரத் துடைத்துவிட்டு லென்ஸைத் தொடுங்கள். டப்பாவைக் கழுவவும் சொல்யூஷன்தான். மீதத்தைக் கொட்டிவிட்டு, புது சொல்யூஷனால் அலசி, டிஷ்யூ காகிதத்தின் மேல் கவிழ்த்து உலரவிடுங்கள். குளியலறை அலமாரி அதற்கு இடமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது டப்பா. நேற்றைய சொல்யூஷன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்; பழையது கிருமி கொல்லும் சக்தியை இழந்திருக்கும். சலைன் என்ற உப்பு நீரும் சொல்யூஷனும் ஒன்றல்ல. சலைன் அலசும், கிருமியைக் கொல்லாது.

“தேய்க்கத் தேவையில்லை” என்று சில புட்டிகளில் எழுதியிருந்தாலும் தேயுங்கள். உள்ளங்கையில் லென்ஸை வைத்து, இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்தால் போதும்.

மாத லென்ஸை வாரம் இரண்டு நாள்தான் அணிகிறேன். மூன்று மாதம் வரும்தானே? (ஆசிரியை, ஈரோடு)

வராது. லென்ஸின் உறையைப் பிரித்த நாளிலிருந்து மாதம் ஓடுகிறது, அணிந்தாலும் அணியாவிட்டாலும். இவ்வளவு குறைவாக அணிபவருக்கு, அணிந்த அன்றே எறிந்துவிடும் தினசரி லென்ஸ்தான் லாபம். டப்பாவும் வேண்டாம், சொல்யூஷனும் வேண்டாம். என்னைக் கேட்டால், எல்லாரையும் தினசரி லென்ஸுக்கே மாற்றிவிடுவேன், விலைதான் தடுக்கிறது.

அடுப்பருகில் நின்றால் லென்ஸ் உருகிவிடுமா? கண்ணுக்குப் பின்னால் போய்விடுமா? (இல்லத்தரசி, சேலம்)

இரண்டும் நடக்காது. இமையின் உள்பக்கத் தோல் மடிந்து வெள்ளைவிழியோடு சேர்ந்துவிடுகிறது. பின்னால் போக வழியே இல்லை. மேலிமைக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். பச்சை மிளகாய் நறுக்கிய கையைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். சமைத்த பிறகு லென்ஸைக் கழற்றுவதைவிட, சமைக்கும் முன்பே கழற்றிவிடுவது நல்லது.

மகனுக்குக் கெரட்டோகோனஸ். கண்ணாடி மாற்றிக்கொண்டே இருக்கிறோம், தெளிவு வரவில்லை. (தந்தை, தஞ்சாவூர்)

கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்துவிட்டால் கண்ணாடியால் அதைச் சரிக்கட்ட முடியாது. சாஃப்ட் லென்ஸும் அந்த மேடுபள்ளத்தின் மேல் அதே வடிவத்தில் படிந்துவிடும். ஆர்ஜிபி என்ற, காற்றை விடும் கெட்டியான லென்ஸ் தன் வடிவத்தை விடாது. அடியில் நிறையும் கண்ணீர் மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறது. அது உறுத்தினால் ஸ்கிளீரல் லென்ஸ் இருக்கிறது. அளவில் பெரியது, வெள்ளைவிழியில் உட்கார்ந்து கருவிழியைத் தொடாமலே தாண்டி நிற்கும். பதனப்பொருள் கலக்காத சலைனை நிரப்பி அணிய வேண்டும். பார்வைப் பலகையில் இரண்டு வரி மட்டுமே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இதைப் போட்டதும் கீழ் வரிவரை படித்திருக்கிறார்கள். ஆனால் லென்ஸ் பார்வையைத்தான் தரும், நோயை நிறுத்தாது. அவனுக்குக் கூம்பு வளர்ந்துகொண்டிருந்தால் கருவிழியை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு அக்காவும் நானும் ஒரே சாம்பல் நிற லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா? (நாகர்கோவில்)

கூடாது. சொல்யூஷனில் கழுவினாலும் கூடாது. பவர் இல்லாத நிற லென்ஸுக்கும் கண்ணை அளந்தாக வேண்டும். லென்ஸை முதலில் மாட்டுங்கள், மையும் ஒப்பனையும் பிறகு. மையை இமை முடிக்கு வெளியே தீட்டுங்கள். இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகே ஒப்பனையைக் கலையுங்கள்.

இரவுப் பேருந்தில் லென்ஸோடு தூங்கிவிட்டேன். காலையிலிருந்து ஒரு கண் சிவந்து வெளிச்சத்தில் கூசுகிறது. என்ன சொட்டு மருந்து போடலாம்? (பெங்களூரு)

உங்களாகவே எதையும் போடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கிடைத்துவிடலாம். சிவப்பு அடங்கும், கிருமி கொழுக்கும். லென்ஸோடு தூங்குவது தொற்று அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. லென்ஸ் அணிபவர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடக் கூடியது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்து எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு உதவும்.