பகை நாட்டின் அணுத்திட்டம்: பேச்சுவார்த்தையை எதைக் கொண்டு எடைபோடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "தோட்டப்புறத்திலிருந்து வரும் ஆறாம் படிவ மாணவர்களை விவாதப் போட்டிக்குத் தயார் செய்கிறேன். பகை நாட்டின் அணுத்திட்டத்தால் எழும் பதற்றத்தைப் பேச்சுவார்த்தையால் தணிக்க முடியும் என்பது எங்கள் தரப்பு. 'ஏமாற்றுகிறவனிடம் என்ன பேச்சு?' என்று எதிரணி கேட்டால் என்ன பதில் சொல்வது?"

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எதிரணி கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி அது. ஆகவே தொடக்க உரையிலேயே உங்கள் மாணவர்கள் அதைக் கையில் எடுப்பது நல்லது. எதிராளியை நம்ப முடியாததால்தான் நாடுகள் ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிராணியார் (கணக்கர்) ரப்பர் பாலின் எடையைக் குறிக்கும்போது, மரம் சீவிப் பால் எடுத்தவரும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றால் தகராறுக்கு இடமிருக்காது என்பதை உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிமாரே சொல்வார்கள். அணு ஒப்பந்தத்திலும் எவ்வளவு, எத்தனை விழுக்காடு, யார் சரிபார்ப்பது என்பவையே முக்கியம்.

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானும் ஆறு வல்லரசுகளும் எட்டிய உடன்பாடு இதற்குச் சிறந்த சான்று. அதற்கு முன்பே ஓமானின் ஏற்பாட்டில் அமெரிக்க, ஈரானிய அதிகாரிகள் வெளியில் தெரியாமல் சந்தித்துப் பேசியிருந்தனர். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஏறக்குறைய 0.7 விழுக்காடுதான், அணுகுண்டுக்கு அந்தப் பங்கை 90 விழுக்காடு அளவுக்கு உயர்த்த, அதாவது செறிவூட்ட, வேண்டும். ஈரான் 3.67 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, இருப்பு 300 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 15 ஆண்டுகளுக்கு வரம்பு கட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பர் கடைசியில் 11,000 கிலோவுக்கும் அதிகமான செறிவூட்டிய யுரேனியம் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. அராக் நகரத்து அணு உலையின் மையப்பகுதியைக் கழற்றி, அதில் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். அனைத்துலக அணுசக்தி முகமை இவற்றை உறுதிசெய்த பிறகே, 2016 ஜனவரியில் அணுத்திட்டம் தொடர்பான பொருளாதாரத் தடைகள் விலக்கப்பட்டன.

எதிரணி அடுத்து 2018-ஐ எடுத்துக்காட்டும். அவ்வாண்டு மே மாதம் அமெரிக்கா உடன்பாட்டிலிருந்து வெளியேறியது. மறு ஆண்டிலிருந்து ஈரான் வரம்புகளை ஒவ்வொன்றாக மீறி, 2021 ஏப்ரலில் செறிவூட்டலில் 60 விழுக்காட்டை எட்டியது. ஈரான் தன் கடப்பாட்டை நிறைவேற்றி வருவதாக முகமை மீண்டும் மீண்டும் அறிக்கை அளித்திருந்த காலத்தில்தான் உடன்பாடு கைவிடப்பட்டது. ஆகவே இதைப் பேச்சுவார்த்தையின் தோல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை. எனினும் வரம்புகளுக்குக் காலக்கெடு இருந்ததையும், ஏவுகணைகள் அதில் அடங்காததையும் மாணவர்கள் மறைக்கக் கூடாது. குறையை முதலில் தாங்களே ஒப்புக்கொண்டால் நடுவர்கள் மதிப்பார்கள்.

வட கொரியா உங்கள் தரப்புக்குக் கடினமான உதாரணம். 1994-இல் அமெரிக்காவுடன் ஜெனீவாவில் செய்துகொண்ட ஏற்பாட்டால் அந்நாட்டின் யோங்பியோன் அணு உலை எட்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஆனால் வேறிடத்தில் மறைவாக யுரேனியத்தைச் செறிவூட்டுவதாக 2002-இல் அமெரிக்கா குற்றஞ்சாட்டியதும் எல்லாம் சரிந்தது. 2006 அக்டோபரில் அந்நாடு முதல் அணுகுண்டைச் சோதித்தது. ஓர் உலையை மட்டும் கண்காணித்தால் போதாது என்பதற்கு இதையே சான்றாக்குங்கள்.

அர்ஜென்டினாவையும் பிரேசிலையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் தரப்பின் வலுவே அங்குதான் இருக்கிறது. ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்து வந்த அவ்விரு நாடுகளின் அதிபர்களும் 1980-களில் ஒருவர் நாட்டின் அணு நிலையத்துக்கு மற்றவர் நேரில் சென்று பார்த்தார்கள். 1991-இல் இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பை நிறுவின. இன்றும் பிரேசிலின் நிலையங்களை அர்ஜென்டினாவின் ஆய்வாளர்களும், அர்ஜென்டினாவின் நிலையங்களைப் பிரேசிலின் ஆய்வாளர்களும் சோதிக்கிறார்கள்.

இது நமக்குத் தொலைவான விவகாரமும் அல்ல. 2003-இல் லிபியாவுக்குச் சென்ற கப்பலில் பிடிபட்ட, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரப் பாகங்கள் நம் ஷா ஆலமில் செய்யப்பட்டவை. இத்தகைய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வியூக வணிகச் சட்டம் நம் நாட்டில் 2010-இல் இயற்றப்பட்டது.

குண்டு வீசினால் தீர்ந்துவிடுமே என்று எதிரணி வாதிட்டால், 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது நடத்திய தாக்குதல்களைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். 60 விழுக்காடு செறிவூட்டிய 400 கிலோவுக்கு மேற்பட்ட யுரேனியம் அப்போது ஈரானிடம் இருந்ததாக முகமை மதிப்பிட்டிருந்தது. தாக்குதலுக்குப் பிறகு பல மாதங்களாகியும் அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று ஆய்வாளர்களால் நேரில் சரிபார்க்க முடியவில்லை.