கை மாறி வந்த பிக்கப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏற்காடு மலையில் காபி பறிப்பு நெருங்கினாலே பழைய பிக்கப் தேடுகிறவர்கள் கூடிவிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: வண்டி பழசு, முந்தைய ஓனர் ஆசை ஆசையாக ஏதேதோ மாற்றியிருக்கிறார், வாங்கி ஒரு மாதத்துக்குள் தொல்லை. எந்தப் பாகத்தையும் புதிதாக வாங்கிப் போடும் முன், கம்பெனியிலிருந்து வந்தது எது, பிறகு சேர்ந்தது எது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

நாகலூரிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர்: அண்ணா, 2009 மாடல் பிக்கப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். பாட்டு செட்டுக்காக, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பெரிதாக மாற்றியதாகச் சொன்னார்கள். லோடோடு அடிவாரம் இறங்கும்போது பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. லைனிங் புதுசு போட்டாயிற்று. மாற்றமே இல்லை.

முதலில், இது தீரும்வரை அந்த வண்டியில் லோடு ஏற்றி மலை இறங்காதீர்கள். காலியாகக்கூட வேண்டாம். உங்கள் ஊரிலேயே மெக்கானிக்கை வரவழைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

நீங்கள் சொன்ன இரண்டு மாற்றங்களுமே பிரேக்கைத் தொடுகிற மாற்றங்கள். பெடலை மிதிக்கும் காலுக்குத் துணை செய்வது பிரேக் பூஸ்டர்; டீசல் எஞ்சினில் அதற்கு வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) தானாகக் கிடைக்காது, அதற்குத் தனி பம்ப் வேண்டும். நம் ஊரில் ஓடும் பல பழைய டீசல் பிக்கப்புகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஆயில் ஒரு சின்னக் குழாய் வழியாக அதற்குப் போய் வரும். ஆல்டர்னேட்டரை மாற்றியவர் இந்தப் பம்பை என்ன செய்தார் என்பதுதான் என் முதல் சந்தேகம். தேய்ந்த பம்பையே புதியதன் பின்னால் மாட்டியிருக்கலாம், ஆயில் குழாய் நசுங்கியிருக்கலாம், வேக்குவம் ஹோஸ் விரிசல் விட்டிருக்கலாம்.

இதற்கு வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் இறுகிவிடும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்குவமோ பூஸ்டரோ வேலை செய்யவில்லை. இதற்கும் லைனிங்கிற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது பட்டை. பின் அச்சின் ஹவுசிங்கிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு ஒரு கம்பி போய் ஒரு வால்வில் முடிகிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பல பிக்கப்புகளில் இது இருக்கும். லோடு ஏறித் தொட்டி கீழே அமுங்கும்போது கம்பி வால்வைத் திருப்பி, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டித் தரும். இரண்டு பட்டை கூட்டிவிட்டால், ஒரு டன் ஏற்றினாலும் தொட்டி அமுங்காது. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் சக்கரம் சும்மா உருள, முன் பிரேக் மட்டும் மொத்தப் பாரத்தையும் பிடித்துச் சூடேறும். சிலர் அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். அது இன்னொரு ஆபத்து, வண்டி காலியாக இருந்தாலும் லோடு இருப்பதாகவே வால்வு நினைத்துக்கொள்ளும். மழையில் காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வளைவில் வால் வெளியே ஓடும். கூடுதல் பட்டையைக் கழற்றுங்கள். வைத்தே தீர வேண்டும் என்றால், பட்டை இருக்கும் உயரத்துக்கு ஏற்ப அந்த வால்வை செட் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலம் வரை சுமார் 1,200 மீட்டர் இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவு. லோடோடு இரண்டரை டன் எடை அந்த உயரம் இறங்கினால் வெளியாகும் சூடு, ஏறத்தாழ 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூட்டை எஞ்சின் பங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் எல்லாம் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும்தான் போகும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

பெடல் கல்லாக இல்லாமல், பத்து வளைவு இறங்கியதும் பஞ்சு போல உள்ளே போகிறது என்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு: அது பிரேக் ஆயில் கொதிப்பதன் அடையாளம். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 155-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆயில் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கினால் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. புது பேட்டரி வாங்கியும் அதே கதை. கூரையில் எல்இடி பார், முன்னால் நான்கு விளக்கு, பின்னால் பெரிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது.

மூன்றாவது பேட்டரி வாங்கிவிடாதீர்கள். முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். ராத்திரி நிறுத்திக் காலையில் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. இரண்டும் சரி என்றால், நிறுத்திய பிறகு ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடிக்கிறது. சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டர் எரிந்துவிடும். 0.05 ஆம்பியர் வரை இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் போகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாளில் பேட்டரி படுத்துவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குவார்கள். உங்கள் வண்டியில் பிறகு சேர்த்த ஒயர் எதுவும் ஃபியூஸ் பாக்ஸுக்கே போயிருக்காது, நேராக பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் தொங்கும். அங்கே எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். கம்பெனி தந்தது போக மீதியை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் மெல்லிய ஒயரைச் சாவியோடு சேர்க்காமல் எப்போதும் கரண்ட் வரும் இடத்தில் கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அது இல்லை என்றால், பேட்டரி கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஆல்டர்னேட்டர் டயோடைப் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. நான் முதன்முதலாக வாங்கிய பழைய பிக்கப்பில் ஒரு கடையில் விளக்கு மாட்டிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து, குப்பனூர் வழியாக ஏறும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ரப்பர் எரியும் வாடை. சீட்டைத் தூக்கினால், ஒயர் சீட்டின் தண்டவாளத்தில் உரசி உரசித் தோல் போய்விட்டிருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. இன்சுலேஷன் டேப் வெல்லப்பாகு போல உருகிக் கையில் ஒட்டியது. அந்த ஒயரில் ஃபியூஸே இல்லை. டீசல் டேங்க் அங்கிருந்து இரண்டு முழம்கூட இல்லை. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் பானட்டைத் திறக்கும் முன் சீட்டைத் தூக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு கூடுதல் ஒயருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு போட்டிருந்தால் ரிலே (சுவிட்சுக்குப் பதில் கரண்ட்டைச் சுமக்கும் பாகம்) இல்லாமல் எரிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். 60 வாட் பல்புக்காகச் செய்த சுவிட்ச் அதைத் தாங்காது.

ஓமலூரிலிருந்து: டீசல் பம்ப் ட்யூன் செய்த வண்டி, இழுவை பிரமாதம் என்று சொல்லி விற்றார்கள். மேட்டில் கரும்புகை அடிக்கிறது, இழுவையும் இல்லை.

கரும்புகை என்றால் டீசல் கூட, இல்லாவிட்டால் காற்று குறைவு. காற்றிலிருந்து தொடங்குங்கள், செலவு குறைவு. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள வண்டி என்றால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். ஆயில் பிசுக்கு ஒரே இடத்தில் படிந்திருந்தால் அங்கேதான் விரிசல். கிளாம்ப் மாற்றினாலே சரியாகிற கேஸ் நிறைய.

அதெல்லாம் நன்றாக இருந்தால் பம்பில் சீல் உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பியிருப்பார்கள். காதால் கேட்டு, புகையைப் பார்த்துத் திருப்பியதை அதே மாதிரி திருப்பிச் சரிசெய்ய முடியாது. பம்பையும், டீசலைத் தெளிக்கும் நாசிலையும் கழற்றி, பெஞ்சில் வைத்து அளவு பார்க்கிறவரிடம் கொடுத்து கம்பெனி அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் போகும் டீசல் பிஸ்டனையும் ஹெட்டையும் சுடும், அந்தச் செலவு பம்ப் செலவைப் போலப் பல மடங்கு. டர்போ இல்லாத வண்டியாக இருந்தால் ஒன்று: ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அங்கே புகை லேசாகக் கூடுவது இயல்பு.

செம்மடுவிலிருந்து: ஏற்றத்தில் பத்தாவது வளைவு தாண்டினாலே ரேடியேட்டர் கொதிக்கிறது. சமவெளியில் ஒன்றுமே இல்லை. இன்னொரு விஷயம், டாஷ்போர்டில் பெயர் இல்லாத மூன்று சுவிட்ச் இருக்கின்றன. எதற்கென்று தெரியவில்லை.

நீங்கள் இரண்டு கேள்வியாக எழுதியது ஒரே கேள்வியாக இருக்கலாம். பானட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் பெல்ட்டில் சுற்றும் பழைய ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு மின்சார ஃபேன் மாட்டி, அதற்குக் கையால் போடும் சுவிட்ச் வைப்பது சிலருக்கு வழக்கம். மூன்றில் ஒன்று அதுவாக இருந்தால், இத்தனை நாளும் நீங்கள் ஃபேன் போடாமலே மலை ஏறியிருக்கிறீர்கள். சமவெளியில் ஓடும் காற்றே போதும் என்பதால் தெரிந்திருக்காது. அப்படியிருந்தால் சுவிட்சை நம்ப வேண்டாம், சூடு ஏறினால் தானே ஓடும்படி சென்சார் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய ஃபேன் அப்படியே இருந்தால், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா, ரேடியேட்டருக்கு முன்னால் எல்இடி பாரோ தகடோ காற்றை மறைக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை மேலே நிற்கும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே உப்புப் படியும். கூலன்ட் பாதி, சுத்திகரித்த தண்ணீர் பாதி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வாழப்பாடியிலிருந்து: வண்டியைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். 50-ஐத் தாண்டினால் தரையே அதிர்கிறது. வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை.

எஞ்சின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டைப் பாருங்கள். நடுவில் நீளும் இடத்தில் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். கழற்றி மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இப்படி அதிரும். அது சரி என்றால் ஷாஃப்ட் முனையில் மடங்கும் இடத்திலுள்ள கிராஸில் ஆட்டம் பாருங்கள். அதுவும் சரி என்றால் தூக்கியதால் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டிருக்கிறது. உயரத்தைப் பழையபடி இறக்குவதுதான் முழுத் தீர்வு.

கொண்டலாம்பட்டியிலிருந்து: பெரிய டயர் போட்ட வண்டி. ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

காட்டும். 215/75 ஆர் 15 இருந்த இடத்தில் 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 4 சதவீதம் கூடும். மீட்டர் 60 என்றால் நீங்கள் 62-க்கு மேல் போகிறீர்கள். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைவாகத்தான் ஏறும்.

சங்ககிரியிலிருந்து: எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு)ப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள். முன் பம்பர் கம்பி, உயர்த்திய தொட்டி இரண்டையும் காரணம் சொல்கிறார்கள். நான் செய்தது இல்லையே?

யார் செய்திருந்தாலும் இப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன் பம்பர் கம்பி கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கம்பியைக் கழற்றுங்கள், தொட்டியை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அதோடு சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். துருவைத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் புது எண் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கிய நீங்கள் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எண் பொருந்தவில்லை என்றால், மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் விற்றவரையே கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்.