உணர்வுசார் நுண்ணறிவு (தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் அறிந்து, புரிந்துகொண்டு, கையாளும் திறன்) உள்ள மாணவர்கள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள். ஆனால் தன்னம்பிக்கைப் பயிலரங்குகளில் சொல்லப்படும் அளவுக்கு அல்ல. வெற்றியில் 80 சதவீதம் இதனால்தான் என்று மேடையில் சொல்வதற்கு ஆதாரமே கிடையாது.

சிட்னி பல்கலைக்கழகத்தின் கரோலின் மெக்கேன் தலைமையிலான குழு, 27 நாடுகளில் 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்டது. இந்த நுண்ணறிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே அதில் கிடைத்த ஒட்டுறவு ஏறத்தாழ 0.20 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மதிப்பெண் வேறுபாட்டில் சுமார் 4 சதவீதத்தைத்தான் அது விளக்கும். அறிவுத்திறனும் பொறுப்புணர்வும் அதற்கு முன்னால் நிற்கின்றன. இந்த நுண்ணறிவைத் தேர்வு வைத்து அளந்தபோது 0.24 என்றிருந்த ஒட்டுறவு, மாணவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டபோது பாதியாகிவிட்டது. ஆகவே இணையத்தில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்துவிட்டு வரும் முடிவை நம்பாதீர்கள்.

அந்த 4 சதவீதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நான் வகுப்பறையில் பார்க்கிறேன். பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் எடுக்கிறேன். தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூ கணிதத்தில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர்கள் பலர். முதல் உள்தேர்வில் தோற்றதும் சிலர் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்கள். பிறகு வகுப்புக்கே வருவதில்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், அரியர் விழும். அவர்களை வீழ்த்துவது கணிதம் அல்ல, வெட்கம். அதே மதிப்பெண் வாங்கிய இன்னொருவர் மறுநாளே விடைத்தாளோடு என் அறை வாசலில் நிற்பார். குரல் நடுங்கும், கண்கூடக் கலங்கியிருக்கும். ஆனால், "இந்த வரிக்குமேல் எனக்குப் புரியவில்லை, சார்" என்று கேட்டுவிடுவார். வெட்கம் அவருக்கும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே நடந்து வரத் தெரிந்திருக்கிறது. உணர்ச்சியைப் புரிந்துகொள்வதும் கையாள்வதும்தான் மதிப்பெண்ணோடு கூடுதலாகப் பிணைந்திருக்கின்றன என்று அந்தத் தொகுப்பாய்வு சொல்வதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இதை மாணவரின் குணம் என்று மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண்களை உரக்க வாசித்து விடைத்தாள் கொடுக்கும் வகுப்பில், எவ்வளவு பக்குவம் உள்ள பிள்ளையும் ஆசிரியரைத் தேடிப் போகத் தயங்கும். நான் தாள்களை மடித்துத்தான் கொடுக்கிறேன். தோற்றவர்களை அந்த வாரத்திலேயே ஒவ்வொருவராக அழைத்து, எந்த வரியில் நின்றுபோனார்கள் என்று கேட்கிறேன். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஆங்கிலக் கேள்வியின் முதல் வரியிலேயே நின்றிருக்கிறார்கள்.