இத்தாலியச் சாயல் இருந்தால் அது போலி ஐகானா?

கிரீஸின் கிரீட் தீவிலுள்ள ஹிராக்ளியோனில் ஒரு கடையில் 1450 வாக்கில் வரைந்தது என்று காட்டிய மரியா (இயேசுவின் தாய்) ஐகானில் (மரப்பலகையில் எழுதிய திருப்படம்) முக்காடு மெல்லிய துணியாக, மடிப்புகள் இத்தாலிய ஓவியம் மாதிரி இருக்கின்றன, பைசாந்தியப் படம் (பழைய கிரேக்கக் கிறிஸ்தவ மரபுப் படம்) இப்படி இருக்குமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். கீழே ‘ஆஞ்ஜெலோஸ் கை’ என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறதாம்.

முக்காட்டை விடுங்கள். 1669 வரை நானூறு வருடங்களுக்கு மேல் கிரீட் இத்தாலிய நகரமான வெனிஸின் ஆட்சியில் இருந்தது. 1499 இல் இரண்டு வியாபாரிகள் அங்கே மூன்று ஓவியர்களிடம் 700 மரியா படங்கள் கேட்டார்கள், 500 லத்தீன் பாணியில் (அதாவது இத்தாலியச் சாயலில்), 200 கிரேக்கப் பாணியில், அதுவும் 45 நாளில். வாங்குகிறவருக்கு எது வேண்டுமோ அதை வரைந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் அந்தக் கையெழுத்தில்தான். ஆஞ்ஜெலோஸ் பெரிய ஓவியர், அவருடைய மாதிரி வரைபடங்களை 1477 இல் அவர் சகோதரரிடமிருந்து ஆந்த்ரேயாஸ் ரிட்சோஸ் என்ற இன்னொரு ஓவியர் விலைக்கு வாங்கினார், அப்புறம் அதே உருவங்களைப் பல கைகள் வரைந்தன. பெயரைப் பிறகு எழுதிச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. கிரீஸின் சீரோஸ் தீவுக் கோயிலில் இருந்த மரியா மரணப் படத்தில் 1983 இல் கிரீட்டில் பிறந்த புகழ்பெற்ற ஓவியர் எல் கிரேக்கோவின் கையெழுத்து கிடைத்ததே என்பீர்கள். உண்மைதான், படத்தில் வரைந்திருக்கும் குத்துவிளக்கின் அடியில் இருந்தது. ஆனால் அந்தப் படம் கோயிலில் வழிபாட்டில் இருந்தது, அதை யாரும் உங்களிடம் விற்க வரவில்லை, கையெழுத்தால் விலை ஏற வேண்டிய ஆளும் அங்கே இல்லை. தரகர்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான் விற்பார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பூதக்கண்ணாடியில் மரியாவின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பழைய பலகையில் ஒட்டிய அச்சுப்படம். முகத்தில் பச்சை கலந்த பழுப்பு அடிப்பூச்சின் மேல் நுண்ணிய வெள்ளைக் கோடுகள் இருந்தால் மேலே பேசலாம். கடைக்காரரே எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது. ஏலப் பட்டியல்களோ ‘கிரீட் பாணி’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றன, வாங்குகிறவனுக்கு அதில் என்ன தெரியும்?

கடைசியாக, 1830 க்கு முந்தைய ஐகான் கிரீஸை விட்டு வெளியேற அரசின் அனுமதி வேண்டும். இதைச் சாதாரண ஆளுக்குப் புரியும்படி கடை வாசலிலேயே எழுதி வைக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ‘கைவினைப் பொருள் என்று போட்டுக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்’ என்று யாராவது சொன்னால் முன்பணம்கூடக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.