போர்டைக் காட்டினால் சண்டை அடங்காது

நீங்கள் வேலை பார்க்கும் கடையில் வாங்கிய விளக்கு எரியவில்லை என்று ஒரு அம்மா திருப்பிக் கொண்டுவந்ததாகச் சொல்கிறீர்கள். விளக்கு பழுது என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டைக் காட்டியும் அந்த அம்மா கத்தினார் என்கிறீர்கள். நியாயம் அவர் பக்கம்தான். பொருளைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

மலிவு விலைக் கடைகளில் பொருளைச் சோதிக்காமலே பையில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வாரம், பில் போடும் முன் பிளக்கில் மாட்டி எரியவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

‘கலர் பிடிக்கவில்லை’ என்று வந்தால் இந்த விதி பொருந்தாது. அதை முதலாளி முடிவு செய்யட்டும். அப்புறம், திரும்பி வந்த பொருளுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.