டாக்டர் முன்னால் மட்டும் சாதுவாகிவிடும் பையன்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறோம். வீட்டில் எங்கள் படுகு மொழி பேசுவோம், பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான், அப்புறம் அவனே மூலையில் உட்கார்ந்து அழுகிறான். பக்கத்தில் இருந்த பையனைக் கடித்துவிட்டான் என்று பள்ளியில் கூப்பிட்டு, 'டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க' என்கிறார்கள். ஒரு டாக்டரிடம் போனோம். அங்கே பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான். 'நல்லாத்தானே இருக்கான், செல்லத்தைக் குறைங்க' என்று அனுப்பிவிட்டார். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். யாரிடம் போவது, என்ன கேட்பது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தங்கச்சி, புது இடத்தில் தெரியாத ஆள் முன்னால் பத்து நிமிஷம் எந்தப் பையனும் சாதுதான். சிறப்பாசிரியராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்பதும் சரியில்லை, அதே பத்து நிமிஷத்தில் 'ஏ.டி.எச்.டி.' (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) என்று எழுதிக் கொடுப்பதும் சரியில்லை. இதை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டிக் கொடுக்காது. வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அந்த இரண்டு இடமும் டாக்டரின் அறைக்கு வெளியே இருக்கின்றன. அதை உள்ளே கொண்டுபோகும் வேலை உங்களுடையது.

அதனால் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். 'இன்றைக்கும் அடம்' என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. இப்படி எழுதுங்கள்: 'காலை 7.40. ஸ்வெட்டர் போடச் சொன்னேன். கழுத்துக்கிட்டே குத்துது என்றான். வேன் வந்துவிட்டது என்று இழுத்துப் போட்டேன். டிபன் பாக்ஸை வீசினான். வேன் போன பிறகும் கால் மணி நேரம் அழுதான்.' இதைப் படிக்கிற மனநல மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ கேட்க எத்தனை கேள்வி கிடைக்கிறது பாருங்கள். கம்பளி மட்டும்தான் குத்துகிறதா, சட்டையின் லேபிளுமா? சத்தமும் பிடிக்காதா? அவசரப்படுத்தினால் மட்டும் வருகிறதா? முந்தின ராத்திரி தூங்கினானா? எதற்கு முன்னால் நடந்தது, என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். நல்லபடியாகப் போன நாளையும் எழுதுங்கள், அதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் சில விநாடி கூப்பிட்டாலும் கேட்காமல் வெறித்துப் பார்க்கிறான் என்றால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அது சிலருக்கு வலிப்பின் ஒரு வகையாக இருக்கும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள்.

வகுப்பு டீச்சரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். எந்தப் பீரியடில், யார் பக்கத்தில் உட்காரும்போது, கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். 'டிசிப்ளின் இல்லை' என்று ஒரு வரி கொடுத்தால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது காது. நம்ம ஊர்க் குளிரில் சளி பிடித்துக்கொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மந்தமாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது 'சொன்ன பேச்சு கேட்காத பையன்'. காது, கண் இரண்டையும் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

எங்கே போவது? பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுக்கலாம். 2013 முதல் இருக்கிற திட்டம், 18 வயது வரை இலவசம். அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் கோத்தகிரி வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், நேராகவே போய்க் கேளுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். தனியாரிடம் சோதனை செய்தால், செய்கிறவர் மருத்துவ உளவியலாளர்தானா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கோவைக்குப் போவதாக இருந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துவிட்டு வந்த பிள்ளையை உட்காரவைத்து ஐ.க்யூ. பார்த்தால் மார்க் எங்கே வரும்? இன்னொன்று, சோதனை எந்த மொழியில் என்று கேளுங்கள். படுகு பேசி வளர்ந்த பையனிடம் இங்கிலீஷில் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவிட்டு 'புத்தி குறைவு' என்று எழுதிவிடக் கூடாது. 'வீட்டில் படுகு, தமிழ் இவ்வளவு தெரியும்' என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அவன் செய்ததையெல்லாம் அவன் எதிரிலேயே ஒப்பிக்காதீர்கள். 'இவன் கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். வீட்டில் சண்டை, குடி, கடன் எதுவாக இருந்தாலும் அப்போது மறைக்க வேண்டாம். மாத்திரை எழுதினால் எதற்கு, எத்தனை நாள், பசி தூக்கம் கெடுமா என்று கேளுங்கள். வெறும் சான்றிதழோடு வராமல், வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அறிக்கையாக வாங்குங்கள். பள்ளிக்கு அதுதான் வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டை பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. மட்டும் இருந்தால் இல்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போகட்டும், விபூதி வைக்கட்டும். அடிக்காமல், மிளகாய்ப் புகை போடாமல் இருந்தால் சரி.

கேள்வி: மகள் திருப்பூரில் வேலை. 12 வயதுப் பேத்தி என்னிடம் இருக்கிறாள். பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. நடிக்கிறாளா?
– ஒரு பாட்டி, கூடலூர்

பதில்: இல்லை அம்மா, வலி நிஜம்தான். பயமும் கவலையும் பல பிள்ளைகளுக்கு வயிற்றுவலியாகத் தெரியும். வீசி எறிகிற பிள்ளையை உடனே கூட்டிப் போகிறோம், ஓசையில்லாமல் ஒதுங்குகிற பெண்ணை 'நல்ல பிள்ளை' என்று விட்டுவிடுகிறோம். ஞாயிறு சாயங்காலம் முகம் வாடுகிறதா, அம்மா போன் பண்ணிய பிறகு எப்படி இருக்கிறாள், பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கூடலூர் அரசு மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் கேளுங்கள். அதுவரை 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சாகணும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மகளிடமும் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.